நூறு கிராம்

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. தையல், கைமடி, செக்கிங், அயர்னிங் என்று பனியன் கம்பெனிக்குள் இருக்கிற பெரும்பாலோருக்கு இன்றும் வாரக்கூலிதான். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிற கூட்டம் சட்டைப்பையில் பணத்தோடு வருகிறது. அது நடந்து போகிற வழியெல்லாம், முக்குக்கு முக்கு, ஒரு தள்ளுவண்டி நிற்கும். வண்டியில் இரும்பு வடச்சட்டி, தட்டு நிறையச் சிவப்பாகக் குவித்த கோழி, ஒரு தராசு. ஊர்க்காரர்கள் சில்லி கடை என்பார்கள். சோயா சாஸ் ஊற்றிக் குடைமிளகாயோடு புரட்டித் தருகிற ஓட்டல் பண்டம் வேறு. இது எலும்போடு வெட்டி, மசாலாவில் பிசறி, எண்ணெயில் பொரித்து, எடை போட்டுத் தருவது. நாற்காலி கிடையாது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

15 வேலம்பாளையம் பக்கம் அப்படியொரு வண்டி முப்பது வருடத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. வண்டிக்கார அண்ணன் கைமடியாக இருந்து, டெய்லராகி, முதுகுவலி வந்து, தொண்ணூறுகளின் பிற்பாதியில் மிஷினை விட்டிறங்கி இந்தச் சட்டியைப் பிடித்தவர். உங்கள் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்றேன். "என்னத்தையுங்க தம்பி எழுதறது? ஓட்டலா வெச்சிருக்கறேன்? வண்டிதானுங்களே" என்றார். ஆனாலும் மதியமே வீட்டுக்கு வரச் சொன்னார். "சாயங்காலம் நீங்க பாக்கறதெல்லாம் சும்மா பொரிக்கற வேலைங்க. வேலை அவகிட்டத்தான் இருக்குது."

அவர் சொன்னது சரி. வண்டி ஐந்து மணிக்குத்தான் தெருவுக்கு வரும். அவர் மனைவியான அக்காவின் வேலை பன்னிரண்டு மணிக்கே தொடங்கிவிடுகிறது. இந்தப் பக்கத்துக் கறிக்கடைகளில் முதலில் வரும் கேள்வி, "கொழம்புக்குங்களா, சில்லிக்குங்களா?" என்பதுதான். சில்லிக்கு என்றால் தோலுரித்த கோழியை இரண்டு விரல் அகலத்துக்குத் தறித்துத் தருவார்கள். அக்கா அதைக் கழுவி ஓட்டைத் தட்டில் கொட்டி நீர் வடிய விடுகிறார். அவசரப்படுவதில்லை. பிறகு உப்பு, எலுமிச்சைச் சாறு, இஞ்சி பூண்டு விழுது. அது ஊறியபின் மிளகாய்த்தூள், கரம் மசாலா, முட்டை. கான்பிளவர் மாவும் அரிசி மாவும் கடைசியில், வண்டி கிளம்பப் போகிற நேரத்தில். முன்கூட்டியே மாவைப் போட்டால் உப்புக்குக் கறி விடுகிற நீரில் அது கூழாகி, எண்ணெயில் விழுந்ததும் துண்டை விட்டுக் கழன்றுவிடும். கழன்ற மாவு சட்டியடியில் கருகும். எண்ணெய் கெட்டால் அன்றைக்கு வியாபாரமும் போச்சு.

ஒரு கிலோவுக்கு எவ்வளவு மாவு என்று கேட்டேன்.

"அளவென்ன கண்ணு அளவு? கறியத் தொட்டாத் தெரியாதா? வெயக்காலத்துக் கறி தண்ணி விடும், மாவு எச்சா கேக்கும். ஐப்பசி கார்த்திகைல அத்தன கேக்காது."

கையுறை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்களாம். கறி தெரியவில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டார். மிளகாய் எரிச்சலுக்கு ராத்திரி நல்லெண்ணெய் தடவிக்கொள்வார். முன்பு மிளகாயை வெயிலில் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வந்த காலமும் உண்டு. ஈரோட்டில் 1975இல் மஞ்சள் வியாபாரமாக ஆரம்பித்த சக்தி மசாலா போன்றவர்களின் பொட்டலங்கள் வந்தபின் அந்த வேலை பாதியாகக் குறைந்தது. முழுசாகக் குறையவில்லை. பொட்டல மசாலாவை அப்படியே போட்டால் "எல்லா வண்டியும் ஒரே ருசியாப் போயிரும்" என்று, தனியாக வறுத்து இடித்த ஏதோ ஒன்றைச் சேர்க்கிறார். என்னவென்று சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, சோம்பு வாசம் மட்டும் மூக்குக்குத் தெரிந்தது.

இந்தத் தொழிலில் பெண்களின் உழைப்பு வீட்டோடு நின்றுவிடுகிறது. வாடிக்கையாளர் "அண்ணன் கைப்பக்குவம்" என்று புகழ்கிறார். அண்ணன் மறுப்பதும் இல்லை.

சாயங்காலம் வண்டியருகே நின்று பார்த்தால் பொரிப்பதும் சும்மா வேலையில்லை என்று தெரிந்தது. எண்ணெய் காய்ந்ததா என்பதற்கு ஒரு கறிவேப்பிலை. அது விழுந்த கணத்தில் சீறினால் முதல் ஈடு இறங்கும். ஒரு ஈட்டில் ஒரு கிலோதான். சுற்றி நின்று எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் அதற்குமேல் போட மாட்டார். அதிகம் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, மாவு இறுகுவதற்குள் எண்ணெயைக் குடித்துவிடும். போட்டதும் கரண்டி வைப்பதில்லை. மேல்மாவு பிடித்தபின்தான் ஜல்லிக்கரண்டி உள்ளே போகும். பிறகு காதுதான் வேலை செய்கிறது. கறியின் ஈரம் ஆவியாகி வெளியேறுவதால்தான் அந்தச் சடசடப்பு. ஈரம் வற்ற வற்றக் குமிழி சிறுத்து, சத்தம் மெலியும். பக்கத்துப் புரோட்டா வண்டிக்காரரோடு சீட்டுப் பணம் பற்றிப் பேசிக்கொண்டே, சட்டிப் பக்கம் திரும்பாமல், சரியான நேரத்தில் அள்ளி எடுத்தார்.

அதுவும் முக்கால் பதம்தான். வடித்துக் குவித்து வைத்து, ஆள் வந்து கேட்டபின் இரண்டாம் முறை எண்ணெயில் விடுகிறார். முதல் வேக்காட்டில் உள்ளே மிஞ்சிய ஈரம், தட்டில் கிடக்கும்போது மேல்மாவுக்கு வந்து சேர்ந்திருக்கும். இரண்டாம் வேக்காடு அதை விரட்டிவிடும். மொறுமொறுப்பு அப்போதுதான். கடைசியில் ஒரு கை கறிவேப்பிலையும் கீறிய பச்சைமிளகாயும். அந்த வாசம் நாலு வீடு தள்ளி நிற்பவரையும் கூப்பிட்டுவிடும்.

நூறு கிராம்தான் இங்கே நாணயம். ஐம்பது கிராமும் உண்டு. எடை போடுவதிலும் நியாயம் இருக்கிறது: கழுத்தெலும்பு ஒன்று போனால் நெஞ்சுக்கறி ஒன்று போக வேண்டும், யாருக்கும் எலும்பாகவே சேர்ந்துவிடக் கூடாது. அவர் கை அள்ளியதைத் தராசு சரிபார்க்கிறது, அவ்வளவே. மேலே வெங்காயம், எலுமிச்சைத் துண்டு. 2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது முட்டைக்கோஸ் வந்தது. திட்டினார்கள், ஆனாலும் வாங்கினார்கள்.

என் அப்பா கட்டிங் மாஸ்டர். எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி நோம்பிக்கு, நாட்டுக்கோழி ஒறம்பரை வந்தால். சாதாரண வாரத்தில் கறி கிடையாது. அந்த வழக்கத்தை உடைத்தது இப்படியொரு வண்டியின் பொட்டலம்தான். சனிக்கிழமை ராத்திரி, செய்தித்தாளில் கட்டி, எண்ணெய் ஊறி எழுத்துக்கள் மறுபக்கம் தெரிகிற பொட்டலம். இருநூறு கிராம் ஐந்து பேருக்கு. அம்மா எண்ணிப் பிரித்து வைப்பாள். தட்டின் அடியில் உதிர்ந்து கிடக்கும் மாவுத்தூளைச் சிறுவர்கள் "தூள் போடுங்கண்ணா" என்று இலவசமாகக் கேட்டு வாங்குவோம். எனக்கு இன்றும் துண்டைவிடத் தூள்தான் பிடிக்கும். இப்போதும் கேட்டேன், போட்டார்.

கோழி இந்த விலைக்கு இறங்கி வந்ததன் கதை பக்கத்திலேயே இருக்கிறது. உடுமலைப்பேட்டையில் 1984இல் தொடங்கிய சுகுணா நிறுவனம் தொண்ணூறுகளில் ஒப்பந்தப் பண்ணை முறையைப் பரப்பியது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது; கொட்டகை, கரண்ட், உழைப்பு விவசாயியுடையது. நாற்பது நாள் சொச்சத்தில் இரண்டு கிலோ எடைக்கு வந்த கோழியை லாரி வந்து ஏற்றிப் போகும், கிலோவுக்கு இவ்வளவென்று வளர்ப்புக்கூலி கிடைக்கும். கிணறு வற்றிய பல்லடம், உடுமலைக் காடுகளில் நீண்ட கொட்டகைகள் எழுந்தது இப்படித்தான். திருப்பூரில் துணிக்கு ஜாப் ஒர்க் என்றால் பல்லடத்தில் கோழிக்கும் அதேதான்: பொருள் ஒருத்தருடையது, உழைப்பு இன்னொருத்தருடையது, கையில் வருவது கூலி. ஒரு கூலிக்காரர் வளர்த்ததை இன்னொரு கூலிக்காரர் சனிக்கிழமை நூறு கிராம் வாங்குகிறார். தினமும் காலையில் பல்லடம் ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் கறிக்கோழிப் பண்ணை விலையைத்தான் அண்ணன் செல்போனில் முதலில் பார்க்கிறார். அது ஏறினாலும் நூறு கிராம் விலையை உடனே ஏற்ற முடியாது. துண்டு சிறுக்கும்.

வருடங்களை அவர் நினைவு வைத்திருப்பது விற்காமல் மீந்ததை வைத்து. 2003 இறுதியில் டாஸ்மாக் கடைகள் வந்தபோது வியாபாரம் ஏறியது. அதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. 2006இல் மகாராஷ்டிரத்தில் பறவைக் காய்ச்சல் என்றதும் இங்கே கோழியைத் தொட ஆளில்லை. ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது 2011. அந்த ஜனவரி இறுதியில் உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யல் ஓடுகிற நிறத்தைப் பார்த்தே இந்த வாரம் என்ன கலர் ஆர்டர் என்று சொல்லலாம் என்ற கேலி ஊரில் வெகுநாள் ஓடிய பிறகு வந்த உத்தரவு அது. ஆற்றையும், கீழே ஒரத்துப்பாளையம் வரை கெட்டுப்போன காடுகளையும் பார்த்த யாரும் அதைத் தப்பென்று சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் சாயம் நின்றால் துணி நிற்கும், துணி நின்றால் தையல் நிற்கும். சனிக்கிழமைக் கூட்டம் பாதியானது. நூறு கிராம் வாங்கியவர் ஐம்பதுக்கு இறங்கினார், ஐம்பது வாங்கியவர் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனார்.

"கடன் கேப்போம்னு கூச்சமுங்க. நாங் குடுத்திருப்பேன். அவிங்க வரலீங்க."

2020 மார்ச்சில் கோழியால் கொரோனா வருகிறதென்று யாரோ கிளப்பிவிட, ஊரடங்குக்கு முன்பே விலை தரைக்கு வந்திருந்தது. பிறகு சிறப்பு ரயில்களில் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். திரும்பி வந்தவர்களில் ஒரு பீகார் பையன் இப்போது அண்ணனிடம் எடை போடுகிறான். "நூறுங்களா, எரநூறுங்களா?" என்று அவன் கேட்பதில் கொங்குத் தமிழ் நன்றாகவே ஏறியிருக்கிறது. முன்பு வெள்ளி, அமாவாசை, புரட்டாசி மட்டும் மந்தம். இப்போது செவ்வாயும் மந்தம். அனுமாருக்கு விரதமிருக்கிற வடமாநில வாடிக்கையாளர்கள் அத்தனை பேர்.

சட்டம் இந்த வண்டிக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. செய்தித்தாளில் உணவு கட்டக் கூடாது என்று 2016இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2019 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்கும் தடை. இப்போது வெள்ளைத்தாள், உள்ளே வாழையிலைத் துண்டு. எண்ணெய்க்கும் வரம்பு உண்டு: திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெயில் சேரும் சிதைபொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை ஊற்றிவிட வேண்டும். அளக்கிற கருவி அதிகாரி கையில் இருக்கும். வண்டிக்காரருக்கு நுரையும் நிறமும்தான் கருவி. மிச்ச எண்ணெயை மறுநாள் புது எண்ணெயோடு சேர்ப்பீர்களா என்று நேராகவே கேட்டேன். "முன்னெல்லாம் சேத்திருக்கறோமுங்க" என்றார். இப்போது கேனில் ஊற்றி வைக்கிறார், பயோடீசலுக்கு வாங்கிப்போக ஆள் வருகிறார்களாம். கேனை நான் பார்த்தேன்.

நிறம்தான் இன்னும் தீராத வழக்கு. கறியில் செயற்கை வண்ணம் கூடாது. காஷ்மீரி மிளகாய்த்தூள் தருகிற சிவப்போடு நிறுத்திக்கொண்டால், புது ஆட்கள் தட்டைப் பார்த்துவிட்டு "நேத்துப் போட்டதுங்களா?" என்று அடுத்த வண்டிக்குப் போகிறார்கள். காஷ்மீரி கிலோவுக்குப் பல நூறு ரூபாய், கலர்ப்பொடி டப்பா சில ரூபாய். சிவப்பைக் கேட்டு வாங்குகிற நாம் வண்டிக்காரரை மட்டும் குற்றவாளியாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

மகன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வண்டியை விட்டுவிட்டு மெயின் ரோட்டில் கடை பிடிக்கலாம், ஏசி போடலாம், பக்கெட்டில் போட்டு விற்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இடமும் பார்த்துவிட்டான். அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்: அட்வான்ஸ், வாடகை, கரண்ட், இரண்டு ஆள்.

"அங்க போனா பிளேட்டுக் கணக்குத்தானுங்க தம்பி. நூத்தம்பது, எரநூறு ரூவா. அம்பது கிராம் குடுங்கண்ணான்னு அங்க எவன் வந்து கேப்பான்?"

மகனுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்றேன். தீபாவளி போனஸ் வாரம் முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறாராம். போன வருடமும் இதையேதான் சொன்னார் என்றார் அக்கா.