இரண்டு மணி நேரம்

அடிபட்டவர் எப்படி இருக்கிறார் என்று அந்த இரவில் நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். குடித்ததற்கும் ஓட்டியதற்கும் இடித்ததற்கும் சட்டத்தில் பிரிவுகள் இருக்கின்றன. இதற்கு இல்லை.

திருவண்ணாமலையில் எனக்கு ஒரு விடுதி இருக்கிறது. அப்பா கட்டியது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் அன்னதானம் போடுவோம். தெருவில் நடந்தால் நாலு பேர் வணக்கம் வைப்பார்கள். அந்த வணக்கம் என் தகுதிக்குக் கிடைப்பது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

2024 ஐப்பசியில் ஓர் இரவு. செங்கம் ரோட்டுப் பக்கம் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் குடித்தோம். கிளம்பும்போது, விடுதியில் வேலை செய்யும் தம்பியைக் கார் ஓட்ட வரச் சொல்லட்டுமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். கிரிவலப் பாதை எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும் என்றேன். தெரியும் என்பது உண்மைதான். சின்ன வயதிலிருந்து அந்த 14 கிலோமீட்டரையும் நடந்தவன். ராத்திரியில் ஓரத்தில் சாதுக்கள் படுத்திருப்பார்கள், கடையைக் கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் வண்டி தள்ளிக்கொண்டு போவார்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் ஓட்டினேன்.

அந்த அம்மா கற்பூரமும் நெய்விளக்கும் விற்கிறவர். தள்ளுவண்டியோடு இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். நான் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். ஹாரன் அடித்தேன். பிரேக்கை மிதிக்கவில்லை. அவர் ஒதுங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். கார் வந்தால் தள்ளுவண்டிதான் ஒதுங்க வேண்டும் என்கிற நினைப்பு அது. குடி அதைக் கொண்டுவரவில்லை. குடிப்பதற்கு முன்பே அது என்னிடம் இருந்தது.

இறங்கினேன். முதலில் பம்பரைப் பார்த்தேன். அப்புறம்தான் அவரைப் பார்த்தேன். தொடை எலும்பு முறிந்து கிடந்தார்.

விபத்து நடந்தால் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டியவரின் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு. 108க்கு போன் செய்தவர் டீக்கடைக்காரர். நான் போன் செய்தது செல்வாக்குள்ள ஒரு நண்பருக்கு. அவர் விவரம் தெரிந்தவர். குடித்து ஓட்டியதாகப் பிடிபட்டவரைக் கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தியாக வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. கைதானவரைப் பாதுகாக்க எழுதிய விதி. “இரண்டு மணி நேரம் இழுத்துடு” என்றார் நண்பர். இழுத்தேன். போலீஸார் ஊதச் சொன்னார்கள். ஆஸ்துமா என்றேன். எனக்கு ஆஸ்துமா கிடையாது. தண்ணீர் கேட்டேன். பாத்ரூம் போக வேண்டும் என்றேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். என் ரத்தத்தில் அது எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது, நான் செய்ததிலேயே கேவலமானது. விடுதித் தம்பியைக் கூப்பிட்டேன். “வண்டியை நீதான் ஓட்டினேன்னு சொல்லு. மிச்சத்தை அண்ணன் பார்த்துக்கிறேன்” என்றேன். அவன் போலீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். ராத்திரி டியூட்டியில் கவுண்டரில் புத்தகத்தை விரித்து வைத்திருப்பான். வழக்கு ஒன்று பதிவானால் அந்த வேலை அவனுக்குக் கிடைக்காது. எனக்கு அது தெரியாமல் இல்லை. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு “சரிங்கண்ணா” என்றான். அவன் வீட்டுக்குக் கொடுத்திருந்த கடனை நான் நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தத் தேவைப்படவில்லை.

அதே ஆண்டு மே 19 அன்று புனேயில் ஒரு போர்ஷே கார் இரண்டு இளம் பொறியாளர்களை இடித்துக் கொன்றது. ஓட்டியது 17 வயதுப் பையன். ரத்த மாதிரியை மாற்றிவிட்டார்கள், வீட்டு டிரைவரைப் பழியை ஏற்கச் சொல்லி மிரட்டினார்கள் என்று போலீஸ் குற்றம்சாட்டியது. ஜாமீனுக்காக 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொன்னதைக் கேட்டு நாடே கொதித்தது. நானும் கொதித்தேன். பணம் இருந்தால் எதையும் செய்வார்களா என்று விடுதி வாசலில் நின்று உரக்கப் பேசினேன். அந்தத் தம்பி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவனைக் காப்பாற்றியது என் மனசாட்சி இல்லை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து நான் இறங்குவது ஒரு கடையின் கேமராவில் பதிவாகியிருந்தது. போலீஸார் அதைச் சொன்ன பிறகுதான் அவனை விட்டேன்.

ரத்தம் எடுக்க என்னை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்த அம்மாவும் அங்கேதான் இருந்தார். அவசரப் பிரிவின் திரைக்குப் பின்னால் அவர் முனகுவது கேட்டது. நான் கையை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதை நினைத்து ஆறுதல்பட்டேன். ஸ்டேஷன் ஜாமீனில் அன்றிரவே வீட்டுக்கு வந்து படுத்தேன்.

டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்தது. வ.உ.சி. நகரில் ஒரு வீடு மண்ணுக்குள் போய் ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். ஊரின் பேச்சு அதன்பின் என்னை விட்டுவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

டிசம்பர் 13இல் மகாதீபம். பாதையோரக் கடைக்காரர்களுக்குத் தீபத் திருவிழாவின் பத்து நாள்தான் ஆண்டின் அறுவடை. வாங்கிய கடனை அதில்தான் அடைப்பார்கள். அந்த அம்மா தொடையில் கம்பி வைத்துக் கட்டிலில் கிடந்தார். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த மகன் படிப்பை விட்டுவிட்டு வண்டியைத் தள்ளினான். என் விடுதி அந்தப் பத்து நாளும் நிரம்பியிருந்தது.

குடித்து ஓட்டிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எனக்கு அபராதம். லைசென்ஸையும் நிறுத்திவைத்தார்கள். அபராதம் அரசுக்குப் போனது. அந்த அம்மாவுக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அவர் அதற்குத் தனியாக விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியிருந்தது. ஊன்றுகோலோடு ஏறினார்.

அங்கேயும் ஒன்று செய்தேன். தள்ளுவண்டியில் விளக்கில்லை, அந்த இடம் இருட்டு, அவர் நடுரோட்டில் வந்தார், ஆகவே அவர் பேரிலும் தவறு உண்டு என்று என் பதில் மனு சொன்னது. வழக்கமாக எழுதுவதுதான் என்றார் வக்கீல். வாசித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். அது ஏற்கப்பட்டால் அவருக்குக் கிடைக்கும் தொகை குறையும். அப்போது எனக்குப் போதை இல்லை. பகல் பதினோரு மணி.

விடுதித் தம்பி வேலையை விட்டுவிட்டான். கணக்கு முடிக்க வந்தபோது என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டான். “கேமரா இல்லேன்னா என்னண்ணா செஞ்சிருப்பீங்க?” உன்னை அனுப்பியிருப்பேன் என்று சொல்லியிருக்க வேண்டும். “அப்படியெல்லாம் விட்டிருக்க மாட்டேன்டா” என்றேன்.

விபத்து நடந்த இடத்தில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா ஓரமாகத்தான் போனார். அவரை நான் பார்த்தேன். பதில் மனுவைத் திருத்தி இந்த மூன்றையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். தொகை முழுவதும் உங்கள் தலையில்தான் விழும் என்று வக்கீல் எச்சரித்தார். எழுதுங்கள் என்றேன். வாய்தா அடுத்த வாரம்.