கணியனாரும் கபிலரும்

கபிலர் பாடிய பாரியின் பறம்பு, இன்றைய பிரான்மலை. கணியன் பூங்குன்றனாரின் ஊர் மகிபாலன்பட்டி என்பர். இரண்டும் காரைக்குடி அமைந்த சிவகங்கை மாவட்டத்திலேயே உள்ளன. 'மலை' என்னும் சொல்லை மிகுதியும் ஆண்டவர் இவருள் யார் என வகுப்பில் வினவினால், "கபிலர்தான் ஐயா" என விடை வந்துவிடும். நாம் தயங்குவோம். கபிலருக்குக் கிடைத்தவை 235 பாடல்கள். கணியனாருக்கு எஞ்சியவை 2.

எண்ணிக்கைகளை ஆராயும் பாய்சான் தொடர்புப்போக்கில் இதற்கொரு வழியுண்டு. ஒவ்வொரு பாடலின் மொத்தச் சொற்களுக்குரிய மடக்கையையும் சமன்பாட்டில் சேர்த்து, அதன் கெழுவை 1 என நிலைநிறுத்துவர். இதுவே 'ஆஃப்செட்'. பாடலின் அளவு இரட்டித்தால் எதிர்பார்க்கும் எண்ணிக்கையும் இரட்டிக்கும் என்பது அதன் பொருள். அப்போது நாம் ஒப்பிடுவது எத்தனை முறை என்பதையன்று. எத்தனை சொல்லுக்கு எத்தனை என்பதை.

ஆயினும் அந்த 1 தரவு தந்ததன்று, நாம் இட்டது. குறுந்தொகையின் 4 அடிப் பாடலும் அகநானூற்றின் 31 அடிப் பாடலும் ஒரே வீதத்தில் மலையைப் பேசுமா? நெடும்பாட்டில் வருணனை விரிய இடமுண்டே! ஐயம் எழுந்தால் கெழுவைக் கட்டவிழ்த்து, அது 1-ஐ ஒட்டி நிற்கிறதா எனச் சோதிக்கலாம்.

ஒன்றை மறத்தலாகாது. ஆஃப்செட் அளவைச் சமன்செய்யும். அழிந்த பாடல்களை மீட்டுத் தாராது. இரண்டே பாடல்களைக் கொண்டு கணியனாரை அளக்குங்கால் நம் குரல் தாழ்ந்தே ஒலித்தல் வேண்டும்.