உள்ளே வந்து பாரு, கண்ணு

திருச்செங்கோட்டில் வைகாசி விசாகத் தேரும் பிளஸ் டூ ரிசல்ட்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும். அர்த்தநாரீசுவரர் மலையிலிருந்து ஊருக்குள் இறங்கி வருகிற அந்த நாட்களில், வெளியூர் போன சொந்தமெல்லாம் வீடு திரும்பியிருக்கும். சத்தீஸ்கரில் போர்வெல் போடப் போன சித்தப்பா, பெங்களூரில் ஐடியில் இருக்கிற மாமன் மகன், கரூருக்குக் கட்டிக்கொடுத்த அத்தை எல்லோரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். பையன் காபி டம்ளரோடு அந்தப் பக்கம் வந்தால் போதும். "அப்பறம் என்ன கண்ணு, அடுத்து என்ன படிக்கறதா இருக்கற?" பையன் டம்ளரைப் பார்ப்பான். அவனுக்குப் பதிலாக அவன் அப்பா பேசத் தொடங்குவார்.

பதினேழு வயதில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இருப்பதைக் குறையாக நான் நினைக்கவில்லை. இருபத்துமூன்று வயதில் கையில் பட்டத்தோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடமும் பதில் இல்லாமல் போகிறதே, அதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். சோம்பேறிகள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் பழகிப் பார்த்தவரையில் அவர்களில் பெரும்பாலோர் நன்றாக உழைத்துப் படித்தவர்கள். அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான். எந்த வேலையையும் அதன் பக்கத்தில் நின்று ஒரு முழு நாள் பார்த்ததில்லை.

பார்த்திருக்க வழியும் இல்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளை பிராய்லர் கோழிப் பண்ணை என்று தமிழ்நாடே சொன்ன காலம் உண்டு. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் நடத்திய பள்ளிகள் இருந்தன. விடிவதற்கு முன் எழுப்பி ஸ்டடி, இரவு மறுபடி ஸ்டடி. 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. 2017-18 கல்வியாண்டிலிருந்து 2024-25 வரை பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்தியது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனாலும் மதிலுக்குள் இரண்டு வருடம் இருந்த பிள்ளைக்கு மதிலுக்கு வெளியே லாரிக்கு பாடி கட்டுகிறவர் எப்படி அளவெடுக்கிறார், பத்திரம் எழுதுகிறவர் என்ன பார்த்து எழுதுகிறார் என்பது தெரியாது. தெரிந்த தொழில்கள் மூன்று: டாக்டர், என்ஜினீயர், வாத்தியார். மூன்றையும் அவன் எதிரில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறான். பக்கத்தில் நின்று பார்க்கவில்லை.

பிறகு கட்-ஆஃப் வருகிறது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. பொறியியல் கலந்தாய்வு 2018-இல் ஆன்லைனுக்குப் போகும்வரை, நாமக்கல் மாவட்டத்துக் குடும்பங்கள் ராத்திரி பஸ் ஏறிக் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய் இறங்கும். என் அக்கா குடும்பத்தோடு நானும் ஒருமுறை போயிருக்கிறேன். பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் மிச்சமிருக்கிற இடங்களின் எண்ணிக்கை ஓடும். முன்னால் போனவர்கள் எடுக்க எடுக்க எண் குறையும். அக்காவும் மாமாவும் கையில் ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார்கள். ஈசிஇ போயிற்று, ட்ரிபிள்-ஈ போயிற்று. கடைசியில் மெக்கானிக்கல். "மெக்கானிக்கல் எவர்கிரீன்ங்க" என்று பக்கத்தில் நின்ற யாரோ சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் நான்கு வருடம் முடிவானது. பையன் பேசவே இல்லை. அவனிடம் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. "உனக்குச் சம்மதம்தானே சாமி" என்று மாமா கேட்டார். எதற்குச் சம்மதம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால்தானே பதில் சொல்ல?

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டியிருந்த காலம் அது. அக்கா மகன் படித்து முடித்தான். அரியர் கூட இல்லை. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கொஞ்ச நாள், பிறகு வீடு. பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றான். படித்தான்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால், படிப்பு அவனுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடமாக இருந்தது தெரியும்.

இப்படி வழி தெரியாமல் நிற்கிற பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது எழுத்தாளர் கல்கியின் நினைவு வருவது எனக்கு வழக்கம். திருச்செங்கோட்டுக்காரனுக்கு அவர் அந்நியரல்ல. 1925-இல் பக்கத்துப் புதுப்பாளையத்தில் ராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமத்தில் அவர் வாழ்ந்திருக்கிறார். அவர் கதையை வயதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1899-இல் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர். 1921-இல், திருச்சியில் பள்ளிப் படிப்பின் கடைசித் தேர்வை நெருங்கும்போது, ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டார். அடுத்த ஆண்டு சிறை. 1923-இல் திரு.வி.க.வின் நவசக்தி பத்திரிகையில் துணையாசிரியர். 1928-இல் அதையும் விட்டுவிட்டுப் புதுப்பாளையம். ஏறத்தாழ முப்பது வயது; கையில் பள்ளி இறுதிச் சான்றிதழ்கூட இல்லை; ஒரு கிராமத்து ஆசிரமத்தில் மதுவிலக்குப் பத்திரிகையில் வேலை. இன்று நம் திண்ணையில் அப்படி ஒரு பையன் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பத்திரிகையின் பெயர் விமோசனம். ராஜாஜி ஆசிரியர், கல்கி அவருக்குத் துணை. குடியின் கேட்டைக் கதையாகவும் படமாகவும் கிராமத்து மக்களுக்குச் சொல்வது நோக்கம். சில இதழ்கள்தான் வந்தன. 1930-இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரகம் நடத்தப் போய்ச் சிறைப்பட்டார், விமோசனம் நின்றுபோனது. தொழில் என்று பார்த்தால் தோல்வி. ஆனால் தட்டுத்தடுமாறிப் படிக்கிறவருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்கிறவருக்கும் விளங்க வேண்டும் என்று எழுதிப் பழகியது அங்கேதான். பின்னாளில் ஆனந்த விகடனிலும் கல்கி இதழிலும் லட்சக்கணக்கானவர்களை வாரா வாரம் காத்திருக்க வைத்த அந்த எளிய நடைக்கு, கைத்தறியும் ராட்டையும் ஓடிய புதுப்பாளையத்துக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். பொன்னியின் செல்வன் தொடங்கியது 1950-இல். அப்போது அவருக்கு 51 வயது.

இதிலிருந்து படிப்பை விட்டுவிடலாம் என்று ஒரு பையன் எடுத்துக்கொண்டால் நான் வருத்தப்படுவேன். அவர் படிப்பை விட்டபோது பின்னால் ஒரு தேசமே நின்றது. நான் கவனிப்பது வேறு. அந்தப் பத்து வருடத்தில் அவர் ஒருநாளும் தனியாக அறைக்குள் உட்கார்ந்து "எனக்கு ஏற்றது எது" என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. எப்போதும் யாரோ ஒருவர் நடத்துகிற வேலைக்குள் இருந்தார். திரு.வி.க.வின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை கிடைத்தது. ராஜாஜியின் ஆசிரமத்தில் ஓர் இடம் கிடைத்தது. அந்தப் பெரியவர்கள் அவருக்கு வழி சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. தங்கள் வேலையில் ஒரு பகுதியைப் பிரித்து அவர் கையில் கொடுத்தார்கள். வழி சொல்கிற பெரியவர்களுக்கு இன்றும் நம்மிடம் பஞ்சமில்லை. தன் பட்டறைக்குள் விடுகிறவர்கள்தான் குறைந்துபோனார்கள்.

அக்கா மகன் கடைசியில் போன இடம் ரிக் வண்டி. டிஎன் 34 என்று எண் போட்ட போர் வண்டியை மத்தியப் பிரதேசத்தில் பார்த்தாலும் ஆந்திராவில் பார்த்தாலும் அது எங்கள் ஊர் வண்டி. மழைக்காலம் முடிந்து வண்டி சத்தீஸ்கர் கிளம்பும்போது, அவன் சித்தப்பா "சும்மா கூட வாடா, வேலையே செய்ய வேண்டாம், பாரு" என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். என்ஜினீயரிங் படித்தவனை ரிக்குக்கு அனுப்புவதா என்று அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ரிக் வேலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் சத்தமும் தூசியும்தான். பக்கத்தில் நின்றால் வேறு. கம்ப்ரசர் அனுப்புகிற காற்று ராடு வழியாக இறங்கி அடியில் இருக்கிற ஹேமரை இயக்குகிறது. ஹேமர் முனையில் உள்ள பிட் பாறையை நொறுக்க, நொறுங்கிய தூளை அதே காற்று மேலே தள்ளிவிடுகிறது. மேல்மண் சரியாமலிருக்கக் கெட்டிப் பாறை வரும்வரை கேசிங் பைப் இறக்குவார்கள். அதன் பிறகு 20 அடிக்கு ஒரு ராடு. 1000 அடி போனால் 50 ராடு மாட்ட வேண்டும். முடிந்ததும் 50-ஐயும் கழற்ற வேண்டும். டிரில்லர் ஒரு கையை லீவரில் வைத்தபடி வெளியே வருகிற தூளின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாம்பல் நிறம் கருக்கிறதா, ஈரம் தட்டுகிறதா என்று கண் அதிலேயே இருக்கும். காது இன்ஜினில் இருக்கும். சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தால், நமக்குத் தெரிவதற்கு முன்னால் அவர் கை லீவரைத் தூக்கிவிடும். பத்தாவது தாண்டாத மனிதர். அந்தக் கைக்குள் இருக்கிற படிப்பை எந்த மார்க் ஷீட்டிலும் போட முடியாது.

பையன் அங்கே இரண்டு விஷயம் கண்டுகொண்டான். ஒன்று, இந்தத் தொழில் தன்னால் ஆகாது. தூக்கமில்லாத இரவுகளைக்கூடப் பொறுத்துக்கொண்டான். தண்ணீர் வராமல் வெறும் புகையாக முடிந்த குழியின் பக்கத்தில், கடன் வாங்கிப் போர் போட்ட விவசாயி நிற்கிற முகத்தைப் பார்த்துவிட்டு அடிக்கணக்குப் பணத்தை எண்ணி வாங்குவது அவனால் முடியவில்லை. இரண்டாவது, கம்ப்ரசர் பழுதாகி வண்டி நின்ற இரவில், ராய்ப்பூரிலிருந்து வந்த மெக்கானிக்குக்கு டார்ச் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தான். கல்லூரியில் தெர்மோடைனமிக்ஸ் தாளில் மனப்பாடமாக எழுதியது அவன் கண்முன்னால் எண்ணெய்ப் பிசுக்கோடு கழன்று கிடந்தது. "எழுந்திரிக்கவே தோணல மாமா" என்று போனில் சொன்னான். இப்போது திருச்செங்கோட்டிலேயே கம்ப்ரசர் வேலை பார்க்கிற ஒரு பட்டறையில் இருக்கிறான். அங்கேயே நிலைப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டால் பதில் சொல்கிறான், அதுபோதும்.

அவனுக்கு அது வாய்த்ததற்கு, வண்டி வைத்திருக்கிற சித்தப்பா இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓட்டுகிற பல வீடுகளில் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் இருக்கும். போதாததற்குக் குழுக் கடன் வாரா வாரம் கதவைத் தட்டும். அந்த வீட்டுப் பிள்ளையிடம் "ஒரு வருடம் சும்மா பல வேலைகளைப் பார், பிறகு தேர்ந்தெடு" என்று சொல்ல எனக்கு நா எழாது. தார் சுற்றிக்கொடுக்கிற கைகளில் ஒரு கை குறைந்தாலே அந்த வாரக் கூலி குறையும். உதவித்தொகையோடு தொழில் பழகுகிற அப்ரென்டிஸ் ஏற்பாட்டுக்கு நாட்டில் 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஐடிஐ என்றால் மார்க் குறைந்தவன் போகிற இடம் என்ற நினைப்பு நம் வீடுகளில் போகவில்லை. அதைப் போக்காமல் எந்த வழிகாட்டலும் அந்தப் பிள்ளைக்கு உதவாது.

2022 மார்ச்சில் தமிழக அரசு நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கியது. என்ன படிப்பு, எந்தக் கல்லூரி, என்ன பயிற்சி என்ற தகவல் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. முதல் தலைமுறையாகப் படிக்கிற வீடுகளுக்கு இது பெரிய காரியம். என் காலத்தில் இது இல்லையே என்று ஏங்கியிருக்கிறேன். ஆனால் தகவல் தெரிவது வேறு, வேலையின் வாசம் மூக்கில் ஏறுவது வேறு. ஜெர்மனியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிப்பின் பகுதியாகவே இரண்டு மூன்று வாரம் ஒரு தச்சுப் பட்டறையிலோ, மருத்துவமனையிலோ, அலுவலகத்திலோ போய் இருந்துவிட்டு வருகிறார்கள். நமக்கு அதற்கு ஒரு தனித் திட்டம்கூட வேண்டாம். திருச்செங்கோட்டைச் சுற்றி ரிக் பட்டறை, பாடி கட்டுகிற பட்டறை, விசைத்தறி, கோழிப்பண்ணை, ஆஸ்பத்திரி, கோர்ட் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. நடத்துகிறவர்கள் எல்லோரும் யாருக்காவது மாமனோ மச்சானோதான். கோடை விடுமுறையில் ஒரு வாரம், "உள்ளே வந்து பாரு, கண்ணு" என்று கதவைத் திறந்துவிட்டால் போதும்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரமாகத் தேவை. பையன் இருபத்தைந்துவரை தேடலாம். பெண்ணுக்கு இருபத்தொன்றிலேயே ஜாதகக் கட்டு வெளியே வந்துவிடும். ஆகவே அவளுக்கான படிப்பை முடிவுசெய்யும்போது காலேஜ் பஸ் நம் ஊர் வழியாக வருமா என்பதே முதல் கேள்வியாகிறது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வக்கீல் ஆக ஆசை. வீட்டில் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை. ஏறாமலிருப்பதைப் பெருமையாகச் சொல்கிற குடும்பம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் வக்கீலிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை, "அனுப்புங்கண்ணா" என்றார். காலையில் போனவள் சாயங்காலம்வரை கோர்ட்டிலேயே இருந்தாள்.

திரும்பி வந்ததும் கேட்டேன். சினிமாவில் வருகிற மாதிரி யாரும் கத்தவில்லையாம். "வாய்தா, வாய்தான்னு பாதி நேரம் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க மாமா. ஒரு அம்மா ஜீவனாம்சக் கேசுக்கு மூணாவது தடவையா வந்திருக்காங்க. அவங்களுக்கு அந்த அக்கா படியில உக்காந்து எல்லாத்தையும் திருப்பித் திருப்பி எடுத்துச் சொன்னாங்க. அந்த அம்மாவுக்குப் புரியற வரைக்கும் விடல." சலிப்பையும் பார்த்துவிட்டாள், அதற்குள் இருக்கிற வேலையையும் பார்த்துவிட்டாள். மறுநாள் தானாகவே கிளம்பிப் போனாள். இந்த வருடம் சட்டப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். சேலமா, நாமக்கல்லா, ஹாஸ்டலா, பஸ்ஸா என்று அவள் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பேச்சில் இப்போது அவளும் பேசுகிறாள்.