பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்

எல்லா நட்டையும் இடப்பக்கம் திருகிக் கழற்றியே பழகிய கைக்கு, பிக்சி சைக்கிளின் பின்சக்கரத்தில் ஒரு வளையம் மட்டும் அடம்பிடிக்கும். அதற்கு லாக்ரிங் என்று பெயர். பல்சக்கரத்துக்கு வெளியே அதை நெருக்கிப் பிடித்தபடி இருக்கும். மரையை எதிர்த்திசையில் வெட்டியிருப்பதால் வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். கிள்ளானில், தெங்கு கிளானா சாலையின் பூக்கடைகளும் புடவைக்கடைகளும் ஓய்கிற பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், கொக்கிச் சாவியை அதில் மாட்டி ஒரு தட்டுத் தட்டினார். அதன்பிறகு சாவியே தேவைப்படவில்லை. விரலாலேயே சுழன்று வந்துவிட்டது.

"இவ்வளவு லேசா வரக்கூடாது, தம்பி" என்றார்.

அக்கா மகன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குக் கேஎல் சென்ட்ரல் பக்கம் வேலை, பிரிக்பீல்ட்ஸில் அறை. கொஞ்ச நாளாகப் பிக்சி ஆசை. யாரோ ஒருவர் விற்கிற பழைய வண்டியை, வாங்குமுன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி எடுத்து வந்திருந்தான். கேட்கும் விலை 550 வெள்ளி. வெள்ளை பிரேம், ஆரஞ்சு நிற ரிம், பிரேக் கிடையாது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சாதாரணச் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். ப்ரீவீல் டிக் டிக்கென்று சத்தம் போடும். பிக்சியில் ப்ரீவீல் இல்லை. பல்சக்கரம் ஹப்போடு பிணைந்தது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலுக்கு ஓய்வு கிடையாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமா, காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். அப்படி எதிர்க்கிறபோதெல்லாம் பல்சக்கரம் மரையிலிருந்து கழன்று வரப் பார்க்கும். அது கழலத் திரும்பினால் லாக்ரிங் இன்னும் இறுகும். எதிர்மரை வைத்தது அதற்காகத்தான். பிரேக் இல்லாத பிக்சிக்காரர் ஒருவரின் உயிர், வட்டமான அந்தச் சின்ன இரும்பை நம்பித்தான் பங்சார் மேட்டிலிருந்து இறங்குகிறது.

அண்ணன் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஹப்பைத் துடைத்தார். டார்ச் அடித்துக் காட்டினார். நல்ல மரையில் முகடுகள் கூராக நிற்கும். இதில் வெளிப்பக்கத்து முகடுகள் மழுங்கிப் பளபளத்தன. துணியில் வெள்ளித்தூள் ஒட்டியிருந்தது.

"சரியா இறுக்காம ஓட்டியிருக்கான். பல்சக்கரம் முன்னே பின்னே ஆடி ஆடி மரையைத் தின்னுருச்சு. இதுக்கு வைத்தியம் கிடையாது. ஹப்ப மாத்தணும். ஹப்ப மாத்தினா கம்பி எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி கோக்கணும்."

அடுத்து டயர். டயரைச் சுற்றிலும் ரப்பர் நன்றாகவே இருந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது. முன்பல்லையும் பின்பல்லையும் எண்ணச் சொன்னார். முன்னால் 48, பின்னால் 16. "வகுத்துப் பாரு" என்றார் அவனிடம். மூன்று, மீதமில்லை. பெடல் ஒரு சுற்றுப் போனால் சக்கரம் மிகச்சரியாக மூன்று சுற்றுப் போகிறது. ஓட்டுகிறவர் பெரும்பாலும் ஒரே காலை முன்வைத்துத்தான் பெடலைப் பூட்டிச் சக்கரத்தைச் சறுக்க விடுவார். அப்போதெல்லாம் டயரின் அதே இடம்தான் தார்ச்சாலையில் உரசும். பின்பல்லை 17 ஆக்கி முன்பல்லை 46 ஆக்கியிருந்தால், அந்தத் தேய்மானம் டயரில் 17 இடங்களுக்குப் பிரிந்து போயிருக்கும். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெயிண்ட்டைத் தடவிப் பார்க்கிறார்கள், சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். முன்னாள் சொந்தக்காரரின் ஜாதகம் டயரில் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. இந்த வண்டிக்காரர் பிரேக் இல்லாமல், சறுக்கிச் சறுக்கியே நிறுத்தியவர். மரையைத் தின்றதில் அந்தப் பழக்கத்துக்கும் பங்குண்டு.

சீட்டை உருவிவிட்டு பிரேமைக் கவிழ்த்தார். செங்காவி நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. ஆண்டு முழுக்க மழை பெய்கிற ஊர்; பின்மதியம் ஆனால் வானம் கறுத்துவிடும். சீட்டுக் குழாய் வழியாக இறங்குகிற நீர் பெடல் அச்சுக் கூட்டில் போய்த் தேங்கும். துரு மேலாகத்தான் இருந்தது, ஓட்டை விழவில்லை. பிறகு முன்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் மெதுவாக வருடினார். முன்பக்கம் எதிலாவது மோதிய வண்டியென்றால் அங்கே பெயிண்ட் சுருக்கம் விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தட்டும். எதுவும் தட்டவில்லை. "பிரேம் நல்ல பிரேம். குரோமொலி எஃகு. இத விட மனசு வரல" என்றார்.

அவர் அப்பாவும் இதே தொழில்தான். காப்பார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்களின் சைக்கிளுக்குக் கோட்டம் எடுத்தவர். பால் வாளியைக் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் போகிற கறுப்பு ராலே வண்டிகள். அந்தக் கால இங்கிலீஷ் வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பாரம் பின்னால் விழுகிறது என்று நாட்டிங்ஹாமில் இருந்த யாருக்கோ தெரிந்திருக்கிறது. கம்பியை விரலால் சுண்டி, சுதி கேட்டே எது தொய்ந்திருக்கிறது என்று சொல்கிற பழக்கம் அண்ணனுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. கோட்டம் எடுக்கிற ஸ்டாண்டு பட்டறையில் இருக்கிறது. அவர் முதலில் கேட்பது கம்பியின் சத்தத்தைத்தான்.

கிள்ளானில் சைக்கிளைப் பற்றிப் பேசினால் 1941ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்ற ஆர். எச். நாதனைப் பிரிட்டிஷ் அரசு கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கூலி உயர்வு கேட்ட அதே பட்டியலில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். இறங்காமல் சைக்கிளில் போகிற உரிமைக்காகவும் இந்த மண்ணில் அடிபட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னபோது அக்கா மகன், "அப்ப பிக்சிதான் சரி மாமா, நிறுத்தவே முடியாது" என்றான். அண்ணன் சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவில் கார் மோதி எட்டுச் சிறுவர்கள் இறந்தார்கள். அவர்கள் ஓட்டியவை 'லாஜாக்' வண்டிகள். சீட்டைத் தாழ்த்தி, பிரேக்கைப் பிடுங்கிவிட்ட சின்னச் சைக்கிள்கள். லாஜாக்கும் பிக்சியும் ஒன்றல்ல. லாஜாக்கில் ப்ரீவீல் இருப்பதால் காலால் எதிர்த்துப் பிடிக்கவும் வழியில்லை. ஆனால் பிரேக் இல்லாத வண்டி என்றாலே பெற்றவர்களுக்கு அந்த விடியற்காலைதான் நினைவுக்கு வருகிறது. பிரேக் மாட்டாத வண்டியை அண்ணன் பட்டறையிலிருந்து வெளியே விடுவதில்லை.

"அசிசுல் பிரேக் இல்லாமத்தானே ஓட்டுறார்?" என்று அக்கா மகன் விடாமல் கேட்டான். திரங்கானுவின் டுங்குனில் பிறந்த அசிசுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோவில் வெண்கலம், 2017இல் கெய்ரின் பந்தயத்தில் உலகப் பட்டம், தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி என்று வாங்கியதெல்லாம் பிரேக் இல்லாத ஒற்றைக் கியர் வண்டியில்தான். அவருக்கு முன்பே, 1988இலும் 1992இலும், நம்ம எம். குமரேசன் இந்த நாட்டுக்காக ஒலிம்பிக்கில் சைக்கிள் ஓட்டியிருக்கிறார். அண்ணன் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலே வேறு. "வெலோட்ரோம்ல எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவாங்க, தம்பி. துன் சம்பந்தன் ரோட்டுல பூ வாங்க நிறுத்துறவன் எந்தப் பக்கம் கதவத் தொறப்பான்னு அசிசுலுக்கே தெரியாது."

கணக்கும் அண்ணன் பக்கம்தான் இருக்கிறது. 46க்கு 17 போட்ட வண்டி, பெடல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.7 மீட்டர் போகும். சமதளத்தில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 31 கிலோமீட்டர். சுகமான வேகம். அதே வண்டி பங்சார் இறக்கத்தில் 50ஐத் தொட்டால், நிமிடத்துக்குக் கால்கள் ஏறக்குறைய 147 சுற்றுச் சுற்ற வேண்டும். பழகாத கால் பெடலிலிருந்து தெறித்துவிடும். தெறித்துவிட்டால் பிரேக்கும் போயிற்று. கிள்ளான் கடலோரத் தட்டை நிலம், இங்கே பிக்சி ஓட்டுவது வேறு. இங்குள்ள கோத்தா பாலத்தைக் கட்டியவர்கள் மேல்தளத்தை மோட்டார் வண்டிகளுக்கும் கீழ்த்தளத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று பிரித்தே கட்டினார்கள். கோலாலம்பூரில் 2018இல் நகர நடுவே நீல வண்ணம் தீட்டிச் சைக்கிள் பாதை போட்டார்கள்; கார்க்காரர்கள் பலர் அதைத் தங்களுக்குப் போட்ட பார்க்கிங் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

புதிய வண்டியும் பார்த்தாயிற்று. கோலாலம்பூரில் ஒரு பெரிய கடையில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள், 750 வெள்ளியிலிருந்து. இரண்டு பக்கமும் பிரேக். பின்ஹப் இரட்டை முகம் கொண்டது: ஒரு பக்கம் பிக்சிப் பல்சக்கரம், மறுபக்கம் ப்ரீவீல்; சக்கரத்தைத் திருப்பி மாட்டினால் சாதாரணச் சைக்கிள். "பிரேக் வேண்டாம்னா கழற்றித் தர்றோம், பாஸ்" என்று கடைப்பையன் பெருந்தன்மையோடு சொன்னான். அந்த விலைக்குக் கிடைப்பது கனமான சாதா எஃகு பிரேம், இயந்திரம் கோத்த சக்கரம். இயந்திரம் கோத்த கம்பிகள் கொஞ்ச தூரம் ஓடியதும் தொய்யும். ஒருமுறை கோட்டம் எடுத்து இறுக்கிவிட்டால் அப்புறம் வருடக்கணக்கில் பேச்சில்லை. ஆனால் அந்த ஒருமுறைக்கு வருகிறவர்கள் குறைவு, கம்பி அறுந்த பிறகே வருகிறார்கள் என்பது அண்ணனின் வருத்தம்.

பழைய வண்டியிலேயே வாழ்கிற மனிதர் பழசுக்குத்தான் ஓட்டுப் போடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் கணக்குப் போட்ட விதம் வேறு. பின்ஹப், கம்பி, கோர்க்கிற கூலி, செயின், பல்சக்கரம், டயர், பிரேக் எல்லாம் சேர்த்து 330 வெள்ளி என்று அட்டையில் எழுதினார். செயினையும் அளந்து காட்டினார்: புதிதில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும், இது அதைத் தாண்டி நீண்டிருந்தது. கேட்ட விலையோடு சேர்த்தால் 880. புதியதைவிட அதிகம்.

"காசு மிச்சம்னு பழசு வாங்கினா ஏமாந்துருவ. பிரேமுக்காக வாங்கினா சரி. ஓட்டத் தெரியலைன்னா பழசே வேணாம், புதுசு வாங்கி ப்ரீவீல் பக்கம் மாட்டி ஓட்டு."

எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பழைய பிக்சியில் தேய்வதெல்லாம் உள்ளே தேய்கிறது. அதைத் திறந்து காட்ட ஒரு கை பக்கத்தில் இல்லாதவர்கள் புதியதை வாங்கிவிடுவது நல்லது. இருக்கிறவர்கள் பின்சக்கரத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல், பிரேமுக்கு மட்டும் விலை பேச வேண்டும்.

அக்கா மகன் வெளியே போய் விற்பவரோடு போனில் பேசினான். மரையைப் படமெடுத்தும் அனுப்பினான். நீண்ட பேரம். 550 என்பது 350க்கு இறங்கியது. மொத்தம் 680, அதுவும் கடையில் அந்த விலைக்குக் கிடைக்காத பிரேம். அவன் முகத்தில் வெற்றி.

அண்ணன் ரிம்மிலிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார். ஆரஞ்சு நிறத்தை மாற்றலாமா என்று கேட்டான் அவன். ரிம் நன்றாக இருக்கிறது, 36 துளை, மாற்றுவது வீண்செலவு என்றார். பல் 46க்கு 17. புதிய ஹப் இரட்டை முகம் கொண்டதாகவே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். ஏற்கெனவே அதைத்தான் அட்டையில் எழுதியிருந்தார்.

சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடம் வழியாகப் பிரிக்பீல்ட்ஸ்வரை ஓட்டியே போகிறேன் என்றான் அக்கா மகன், 30 கிலோமீட்டருக்குக் குறையாது. எழுபதுகளில் போட்ட தடம் அது. சைக்கிள்காரர்களும் அதில்தான் போகிறார்கள். "போ. ஆனா ப்ரீவீல் பக்கம் மாட்டித்தான் குடுப்பேன்" என்றார் அண்ணன். "திருப்பி மாட்ட 15 சாவி வேணும். அது ஒங்கிட்ட இருக்கா?"

இல்லை என்றான்.

"அப்ப சரி" என்றார், அடுத்த கம்பியை வெட்டினார்.