துணிக் கொட்டிலும் குள்ளக் குதிரையும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் மாநகரை ஒட்டி டியர்பார்ன் என்னும் நகரம் அமைந்துள்ளது. ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் தலைமையிடம் அதுவே. அந்நிறுவனத்தின் தொழிற்சாலைகளில் வேலை தேடி லெபனானிலிருந்தும் யமனிலிருந்தும் பாலஸ்தீனிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வேரூன்றிவிட்டன. 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,10,000. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அரபு நாடுகளின் வழிவந்தோர். வாரன் சாலையில் நடந்தால் ரொட்டிக் கடை, இறைச்சிக் கடை, மருந்துக் கடை என எங்கு நோக்கினும் அரபு எழுத்துகள். 2005 இல் திறக்கப்பட்ட இஸ்லாமிய மையத்தின் பொன்னிறக் குவிமாடமும் இரு மினாராக்களும் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணில் படும்.

அங்கு வாழும் என் மைத்துனரின் அழைப்பின் பேரில் 2023 அக்டோபரில் மூன்று வாரங்கள் தங்கி வரும் வாய்ப்புக் கிட்டியது. பள்ளிவாசல்களையும் தொழிற்சாலைகளையும் பற்றி எழுத எவ்வளவோ உண்டு. எனினும் நான் இங்கே சொல்லப் புகுவது, அந்நகருக்கு வெளியே நான் கண்ட ஒரு துணிக் கொட்டிலைப் பற்றி. அதற்கு முன், அப்பகுதி முஸ்லிம்களுக்கும் குள்ளக் குதிரைகளுக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நாய்க்குப் பதில் குதிரை

மேலை நாடுகளில் பார்வையற்றோர் தெருவில் நடமாட வழிகாட்டி நாய்கள் பயிற்றப்படுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் நாயின் உமிழ்நீர் அசுத்தமானது. வேட்டைக்கும் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. பார்வையற்றவரின் தேவையும் அதை ஒத்ததே என்று தீர்ப்பளித்த அறிஞர்களும் உள்ளனர். 2008 இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பார்வையற்ற மாணவர் ஒருவரின் வழிகாட்டி நாய் பள்ளிவாசலின் நுழைவாயிலருகே தனி இடத்தில் தங்க அனுமதிக்கப்பட்டது. ஆயினும் தொழுகை நடக்கும் இல்லத்துக்குள் நாயை வைத்துக்கொள்ளப் பல குடும்பங்களுக்கு மனம் ஒப்புவதில்லை.

டெட்ராய்ட் பகுதியில் வாழ்ந்த பார்வையற்ற முஸ்லிம் பெண் ஒருவருக்கும் இதே இக்கட்டு ஏற்பட்டது. பெற்றோர் நாயை ஏற்கவில்லை. 2009 இல் அவர் பயிற்சி பெற்ற ஒரு குள்ளக் குதிரையின் துணையோடு பேருந்தில் ஏறி வேலைக்குச் செல்லத் தொடங்கினார். அச்செய்தி பல நாட்டு இதழ்களில் வெளிவந்தது.

குதிரைக்கு வழிகாட்டும் பயிற்சி அளிக்கலாம் என்னும் முயற்சி, 1999 இல் வட கரோலினா மாநிலத்தில் இதற்கென ஓர் அமைப்புத் தொடங்கப்பட்டதோடு உருப்பெற்றது. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டத்தின் திருத்திய விதிகள் 2011 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தபோது, முறையாகப் பயிற்றப்பட்ட குள்ளக் குதிரைகளைக் கடைகளும் அலுவலகங்களும் இயன்றவரை அனுமதிக்க வேண்டும் என்பதும் அவற்றில் இடம்பெற்றது. ஆனால் விமானப் பயணத்துக்கு அந்த வாய்ப்பு நீடிக்கவில்லை. 2020 டிசம்பரில் வெளியான விதி, சேவை விலங்கு என்பது நாய் மட்டுமே என்று வரையறுத்துவிட்டது.

முப்பத்து நான்கு அங்குலம்

குள்ளக் குதிரை என்றவுடன் குட்டிக் குதிரை என்று எண்ணிவிடாதீர்கள். முழுதும் வளர்ந்த நிலையிலேயே அதன் உயரம் அவ்வளவுதான். 1978 இல் நிறுவப்பட்ட அமெரிக்கக் குள்ளக் குதிரைச் சங்கத்தின் விதிப்படி, பிடரி மயிர் முடியும் இடத்தில் அளந்தால் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதாவது ஓர் ஆளின் இடுப்பளவு.

முற்காலத்தில் இத்தகைய சிறு குதிரைகளின் வாழ்வு இனிமையானதாக இருக்கவில்லை. 1842 இல் பிரிட்டனில் பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவரையும் சுரங்கத்தினுள் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தபின், நிலக்கரி வண்டி இழுக்க ஷெட்லாண்டுத் தீவின் சிறு குதிரைகள் பெருமளவில் நிலத்தடிக்கு இறக்கப்பட்டன. பகலொளி காணாமலே உழைத்தவை அவை.

இன்று அந்த இனத்தின் வழிவந்தவை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழ்கின்றன. வழிகாட்டி நாய் எட்டு ஆண்டுகள் அளவில் பணி ஓய்வு பெறும். குதிரையோ இருபது ஆண்டுகளுக்கு மேலும் துணை நிற்கக்கூடும். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால், நேர் பின்புறம் நீங்கலாக ஏறத்தாழ எல்லாத் திசையும் அதற்குத் தெரியும்.

இத்தனை நன்மைகள் இருந்தும் நாய்க்கு இல்லாத ஒரு தேவை குதிரைக்கு உண்டு. அது வீட்டுக்குள் வாழும் பிராணியன்று. திறந்த வெளியும், இனத்தைச் சேர்ந்த ஒரு துணையும், ஒதுங்க ஒரு கொட்டிலும் அதற்கு வேண்டும். கொட்டிலுக்கு எங்கே போவது?

குத்தகை நிலத்தில் ஒரு கூடாரம்

இக்கேள்விக்கு விடை கண்டிருந்த ஒரு முதியவரிடம் என் மைத்துனர் என்னை அழைத்துச் சென்றார். ஜோர்தானிலிருந்து இளமையில் வந்து, மோட்டார் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஊரார் அவரை ஹாஜி என்றே அழைக்கின்றனர். மதரஸாவில் நான் கற்பிக்கும் ஏட்டு அரபியும் அவருடைய பேச்சு அரபியும் சற்று முட்டி மோதினாலும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டோம்.

அவருடைய பேத்திக்குப் பத்து வயது. பார்வை சிறிது சிறிதாக மங்கி வருகிறது. அவள் வளர்ந்து தனியே வெளியே செல்லும் காலத்தில் துணை நிற்க வேண்டுமென்று, ஒரு குள்ளக் குதிரையை இப்போதிருந்தே பழக்கி வருகிறார். அதற்குத் துணையாக இன்னொன்று. நிலம் சொந்தமன்று, ஐந்தாண்டுக் குத்தகை. மரத்தாலோ கல்லாலோ லாயம் கட்டினால் செலவு ஒருபுறம், குத்தகை முடிந்ததும் விட்டுவிட்டுப் போக வேண்டிய இழப்பு மறுபுறம். ஆகவே மோட்டார் வண்டி நிறுத்துவதற்கென்று கடைகளில் விற்கும் துணிக் கூடாரம் ஒன்றை வாங்கிக் கொட்டிலாக்கியிருந்தார்.

10 அடி அகலம், 20 அடி நீளம், 8 அடி உயரம். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களால் எலும்புக்கூடு. அதன்மேல், வெயிலைத் தாங்கும் பூச்சுடன் நெய்த பாலிஎதிலீன் போர்வை. பெரிய குதிரை ஒன்றுக்கு 12 அடிச் சதுர அறை வேண்டும் என்பார்கள். இந்தக் கூடாரத்தில் இரண்டு குள்ளக் குதிரைகள் தாராளமாகப் படுத்துப் புரண்டு எழலாம். மூலையில் உலர்புல் அடுக்கவும் இடம் மிஞ்சும்.

"கடையில் வாங்கியது கூடாரம்தான், உஸ்தாத். அதைக் கொட்டிலாக்குவது நம் கை வேலை" என்றார் அவர். அந்த வேலையை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலாவது தரை. சுற்றியுள்ள நிலத்தைவிடச் சற்று மேடான இடம். மண்மீது சரளைக் கல் பரப்பி, அதன்மேல் இரப்பர் விரிப்பும் மரத்தூளும். குதிரையின் குளம்பு ஈரத்தில் நின்றால் அழுகும்.

இரண்டாவது உட்சுவர். குதிரை முதுகைத் தேய்க்கும், உதைக்கும், கடிக்கும். வெறும் துணி ஒரு வாரம் தாங்காது. எனவே குழாய்களின் உட்புறம் நெருக்கமான கம்பி வலைச் சட்டங்களைக் கட்டி, அவற்றின்மேல் 4 அடி உயரத்துக்கு ஒட்டுப்பலகை அடித்திருந்தார். குளம்பு நுழையும் சந்து எங்கும் இல்லை. கூரிய முனைகள் யாவும் மூடப்பட்டிருந்தன.

மூன்றாவது காற்றோட்டம். குளிருக்கு அஞ்சிக் கூடாரத்தை நான்கு பக்கமும் மூடிவிடுவதே பலர் செய்யும் பிழை. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவி உள்ளேயே தங்கிவிடும். குள்ளக் குதிரையின் மூக்கு தரைக்கு மிக அருகில் இருப்பதால் அதன் நுரையீரலே முதலில் கெடும். மூச்சுக் காற்றின் ஈரமும் துணியில் படிந்து துளித்துளியாய் முதுகில் சொட்டும். மிச்சிகனின் குளிர்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசுவதால், தென்கிழக்குப் பக்கத்தை முழுதும் திறந்தே விட்டிருந்தார். எதிர்ப்பக்கத்தின் உச்சியில் ஒரு சிறு திறப்பு. குளிர்காலத்தில் குதிரைக்கு அடர்ந்த உரோமம் முளைத்துவிடுகிறது. உடல் நனையாமலும் நேர்க்காற்று படாமலும் காத்தால் அதற்குப் போதும். சூடேற்றும் விளக்கு எதையும் அவர் தொங்கவிடவில்லை. பிளாஸ்டிக் துணியும் உலர்புல்லும் உள்ள இடத்தில் ஒரு பொறி விழுந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

பனியும் காற்றும்

துணிக் கொட்டிலுக்கு இரண்டு பகைவர்கள். ஒன்று காற்று. எட்டுக் கால்களும் திருகு முளைகளால் நிலத்தில் ஆழப் பிணைக்கப்பட்டிருந்தன. நிலம் உறைந்தபின் முளை இறங்காதாகையால், அக்டோபர் முடியுமுன்னரே இவ்வேலையை முடித்தாக வேண்டும். துணி தளர்ந்து படபடத்தால் குதிரை மிரளும். அது மிரண்டு ஓடப் பழகிவிட்டால் பின்னர் தெருவில் ஒரு குழந்தைக்கு எப்படி வழிகாட்டும்? ஆகவே வாரந்தோறும் இறுக்குப் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டுகிறார்.

மற்றொன்று பனி. டெட்ராய்ட் பகுதியில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 40 அங்குலத்துக்கு மேல் பனி பொழிகிறது. பஞ்சு போல் தோன்றும் அதன் பாரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். புதிதாய் விழுந்த 10 அங்குலப் பனி உருகினால் ஏறத்தாழ 1 அங்குல நீர். 200 சதுர அடிப் பரப்பில் 1 அங்குல நீரின் எடை சுமார் 470 கிலோ; ஆறு நெல் மூட்டைகளைக் கூரைமேல் அடுக்கியதற்குச் சமம். சரிவான கூரை ஒரு பகுதியை வழித்துவிடும் என்றாலும் ஈரப் பனி ஒட்டிக்கொள்ளும். மலிவான கூடாரங்கள் பல இப்பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவையல்ல.

பனி பொழியும் இரவுகளில் அவர் இரண்டு மணிக்கு ஒருமுறையும் தஹஜ்ஜுத் வேளையில் மறுமுறையும் எழுந்து வருகிறார். துடைப்பத்தின் முனையில் பழந்துணி சுற்றி, உள்ளிருந்து கூரையை மெல்லத் தட்டினால் பனி இருபுறமும் சரிந்து விழும். "இரும்புக் கூரை போட்டிருந்தால் நிம்மதியாக உறங்கலாமே?" என்று கேட்டேன். "விலையில் மிச்சம் பிடித்ததை உறக்கத்தில் கொடுக்கிறேன். குதிரைக்கு அந்தக் கணக்குத் தெரியாதல்லவா?" என்றார்.

கறுப்புக் கூடாரத்தின் நினைவு

தம் பாட்டனார் ஆட்டு உரோமக் கூடாரத்தில் வாழ்ந்தவர் என்று அவர் பெருமையோடு கூறினார். பாலைவனத்து பதவீ மக்களின் அந்தக் கறுப்புக் கூடாரத்தைப் பெண்களே நெய்து, பட்டை பட்டையாகத் தைத்து இணைப்பார்கள். வெயிலில் நெசவு இளகிக் காற்று நுழையும். மழை பட்டதும் உரோமம் உப்பி, இடைவெளி அடைபட்டு நீர் வழிந்தோடும். காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டியே அதை அடிப்பார்கள். கடுங்குளிர் இரவில் உயர்சாதிப் பெண்குதிரையைக் கூடாரத்துக்குள்ளேயே சேர்த்துக்கொள்வதும், தீவனம் இல்லாதபோது ஒட்டகப் பாலும் பேரீச்சம்பழமும் ஊட்டுவதும் அவர்களின் வழக்கம்.

பாலிஎதிலீனுக்கு ஆட்டு உரோமத்தின் அந்த நுட்பம் இல்லை. தானாகச் சுவாசிக்கவும் உப்பவும் அதற்குத் தெரியாது. வெயிலில் சில ஆண்டுகளில் நைந்தும் போகும். நெசவு செய்து வந்த அவ்வேலையை இங்கே மனிதன் கண்விழித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. நான் சென்ற வாரத்தில் பழைய போர்வையைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டினார்கள். குதிரைகளை யாரும் உள்ளே இழுக்கவில்லை. உலர்புல்லை உள்ளே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றனர். புதுத் துணியின் வாடையை முகர்ந்து முகர்ந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின் அவை தாமாகவே நுழைந்தன. அதுவரை அந்தச் சிறுமி வேலியருகே பொறுமையாக நின்று, குளம்போசையைக் கொண்டே எது எங்கே நிற்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நமக்குரிய பாடம்

வாசகர்களே! குள்ளக் குதிரை வளர்க்கும் தேவை நம்மில் எவருக்கும் நேராமல் போகலாம். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாதங்களுக்கு முன்பே ஆடு வாங்கி, வீட்டின் பின்புறம் தார்ப்பாய் கட்டி வளர்ப்போர் நம் ஊர்களில் ஏராளம். மழைக்காலத்தில் அந்தத் தார்ப்பாயை நாற்புறமும் இழுத்து மூடிவிட்டு, உள்ளே ஈரச் சேற்றில் ஆட்டை நிறுத்தினால் அதற்கு இருமலும் குளம்பு நோயும் வரும். தரையை மேடாக்குங்கள். காற்று வராத பக்கத்தைத் திறந்து வையுங்கள். துணியில் நீர் தேங்காமல் சரிவாகக் கட்டுங்கள். பெருமழை இரவில் ஒருமுறையேனும் எழுந்து போய்ப் பாருங்கள்.

கட்டிப்போட்ட பூனையைப் பட்டினியிட்டதற்காகத் தண்டனை பெற்ற பெண்ணின் செய்தியை நம் பிள்ளைகள் மக்தபிலேயே கற்கிறார்கள். கட்டி வைப்பவன் பொறுப்பேற்பவன் என்பதே அதன் சாரம். எளியவன் எளிய கொட்டில்தான் அமைக்க முடியும், அதில் இழிவில்லை. கொட்டில் எவ்வளவு எளிதோ, அவ்வளவுக்கு நம் கவனம் கூட வேண்டும். அந்தச் சிறுமிக்கும் அவளுக்காக இரவில் விழிக்கும் பாட்டனாருக்கும் வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.