முதல் பக்கத்தில் இல்லாதது

சென்ற மாதம் துறைக் கருத்தரங்கில் என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை வாசித்தேன். தெலங்கானாவின் ஏரிப் பராமரிப்பு பற்றிய முன்னாய்வுகளைத் தொகுத்துரைக்கும் இயல் அது. "1980களில் இப்பகுதியில் கள ஆய்வு ஏதும் நிகழவில்லை" என்று உறுதியாக எழுதியிருந்தேன். அவையில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "நம் நூலகத்தின் மூன்றாம் தளத்துக்கு நீங்கள் போனதில்லையா?"

மறுநாள் போனேன். தட்டச்சில் அமைந்த, ஓரங்கள் பழுத்த ஓர் ஆய்வேடு. ஆண்டு 1987. நான்கு கிராமங்களில் இரண்டாண்டுக் களப்பணி. என் கேள்விகளில் பாதிக்கு அதில் விடை இருந்தது.

எனக்கு ஏன் அது தென்படவில்லை? தேடுபொறி நாம் கேட்கும் நொடியில் உலகைத் துழாவுவதில்லை. இணைப்புகளைப் பின்தொடர்ந்து முன்பே திரட்டிய பக்கங்களுக்கு, நூலின் இறுதியில் வரும் சொல்லடைவு போன்ற ஒன்றை அமைத்து வைத்திருக்கிறது, அதற்குள் தேடுகிறது. அதில் ஏறாத நூல் கடைசிப் பக்கத்திலும் வராது. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியைச் சமர்ப்பிப்பதை யூஜிசி கட்டாயமாக்கியது 2009இல்தான். அதற்கு முந்தையவற்றுள் பல இன்னும் ஷோத்கங்காவை எட்டவில்லை.

அடைவில் ஏறியவற்றுக்கும் அடுத்த தடை வரிசை. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறையில், ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்பு ஒரு வாக்கு. மதிப்புமிக்க பக்கம் அளிக்கும் வாக்குக்கு எடை அதிகம். அப்பக்கம் பலருக்கு இணைப்புக் கொடுத்தால் ஒவ்வொருவரின் பங்கும் குறையும். இன்று சொற்பொருள், மொழி, தேடுபவரின் இடம், பக்கத்தின் புதுமை எனப் பலவும் சேர்ந்தே வரிசையை முடிவு செய்கின்றன. ஆயினும் அந்த மூலக் கருத்து நமக்கு அந்நியமன்று. யூஜின் கார்ஃபீல்டு 1960களில் அறிவியல் மேற்கோள் அடைவை உருவாக்கிய காலந்தொட்டு, மேற்கோள்களை எண்ணி மதிப்பிடுவது ஆய்வுலகின் வழக்கம். பேஜும் பிரின்னும் தம் முறைக்கு அவ்வழக்கத்தையே முன்மாதிரியாகக் கொண்டனர்.

எனவே அதன் குறையும் நம்முடையதே. புகழ் பெற்றவருக்கே மேலும் புகழ் சேர்வதை 1968இல் ராபர்ட் மெர்ட்டன் 'மத்தேயு விளைவு' என்றார். முதல் பக்கத்தில் வருவதை நாம் மேற்கோள் காட்டுகிறோம். நாம் காட்டுவதால் அது அங்கேயே நிலைக்கிறது. 1987இன் ஆய்வாளரை எவரும் மேற்கோள் காட்டவில்லை. நானும் காட்டாமல் விட இருந்தேன்.

தேடுபொறி பொய்யுரைக்கவில்லை. தன்னிடம் உள்ளவற்றை வரிசைப்படுத்தித் தந்தது. "நிகழவில்லை" என்று எழுதியது நான். அவ்வரியை நீக்கிவிட்டேன். இயலைத் திருத்தி எழுத மூன்று மாதம் ஆகும் என்கிறார் நெறியாளர், ஆகட்டும்.

முன்னாய்வு இயல் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் களத்தின் மொழியில், அதன் எழுத்திலேயே ஒருமுறை தேடுங்கள். பிறகு நூலகத்தின் ஆய்வேட்டு அடுக்குகளுக்கு ஒருநாள் ஒதுக்குங்கள். அங்கே கண்டெடுப்பதை மறவாமல் மேற்கோள் காட்டுங்கள்.