வைஃபை கார்டு சாகவில்லை... ஒரு ஃபைல்தான் இல்லை!

உங்கள் வீட்டுப் பரணிலோ, பீரோவுக்கு மேலேயோ ஒரு பழைய லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கிறதா? 'ரொம்ப ஸ்லோ', 'வைஃபை வரமாட்டேங்குது' என்று சொல்லி ஒதுக்கி வைத்ததா? எடைக்குப் போடுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

2022-ல் என் சித்தி மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருந்தாள். கலந்தாய்வு முழுக்க ஆன்லைன்தான். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று நாம் கொடுக்கும் வரிசைதான் நான்கு வருடப் படிப்பையே முடிவு செய்யும். வரிசையைப் பதிவுசெய்யக் கிடைப்பதோ சில நாள்கள்தான். சித்தி வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் அவரோடு கிளம்பும் போன் இரவுதான் வீடு திரும்பும். அந்தச் சின்னத் திரையில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளை மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பது எவ்வளவு சிரமம் என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

சித்தப்பாவுக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் கழித்துப்போட்ட லேப்டாப் ஒன்று கிடைத்தது. 2 ஜி.பி. ரேம், உள்ளே எதுவும் இல்லாத ஹார்ட் டிஸ்க். கடையில் காட்டியபோது, "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்மா" என்று சொல்லிவிட்டார்களாம். புதிது வாங்கப் பணம் இருந்தால் கடைக்கு ஏன் எடுத்துப் போகப்போகிறார்கள்?

வார விடுமுறைக்கு அங்கே போனபோது, நண்பர் தந்த பென் டிரைவையும் கொண்டுபோனேன். அதில் இருந்தது டெபியன் 11. லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம். காசு கிடையாது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்று ஒன்று இருந்தது நினைவிருக்கிறதா? மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியதுதான் அது.

டெபியன் நன்றாகவே ஏறியது. திரை, கீபோர்டு, சவுண்டு எல்லாம் சரி. வைஃபை மட்டும் இல்லை. 'படிக்கிற பொண்ணு' என்று சொல்லி, மாடியில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அம்மா வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருந்தார். அதைப் போடுவதற்கு ஓர் இடமே திரையில் வரவில்லை.

"கார்டு போயிடுச்சாக்கா?" என்றாள் தங்கை.

மெஷினிடமே கேட்கலாம்!

வைஃபை வரவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது, லேப்டாப்பின் பக்கவாட்டு ஸ்விட்சும் கீபோர்டில் இருக்கும் ஆன்டெனா படம் போட்ட பட்டனும். இரண்டும் சரியாக இருந்தன.

அடுத்து, லினக்ஸின் கறுப்புத் திரையில் 'எல்எஸ்பிசிஐ -nn' என்ற கட்டளை. உள்ளே என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று பட்டியல் போடும். அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியில் எங்கள் கார்டு இருந்தது. அதாவது, கார்டு உயிரோடுதான் இருக்கிறது! பக்கத்திலேயே ஓர் அடையாள எண். நடுவில் இரண்டு புள்ளி, இருபுறமும் நான்கு நான்கு எழுத்துகள். முதல் நான்கு தயாரிப்பாளரைக் குறிக்கும், அடுத்த நான்கு மாடலை. கல்லூரிக் குறியீடுகளை எழுதி வைத்திருந்த நோட்டிலேயே தங்கை அதையும் எழுதிக்கொண்டாள்.

மூன்றாவது, 'டிமெசெக்' என்ற கட்டளை. லேப்டாப் ஆன் ஆனதிலிருந்து உள்ளே நடந்ததையெல்லாம் டைரி மாதிரி காட்டும். அதில் ஒரு வரி, ஃபர்ம்வேர் ஃபைலை ஏற்ற முடியவில்லை என்றது. கடைசியில் மைனஸ் 2 என்ற எண். லினக்ஸ் மொழியில் அதற்கு 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று அர்த்தம்.

அது ஏன் இல்லை?

வைஃபை கார்டுக்குள் குட்டி பிராசஸர் ஒன்று இருக்கிறது. பல கார்டுகளில் அதற்கென்று நிரந்தர நினைவகம் கிடையாது. ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும், 'நீ இப்படித்தான் வேலை செய்யணும்' என்ற குறிப்பை ஆபரேட்டிங் சிஸ்டம்தான் அதற்கு ஊட்டவேண்டும். அந்தக் குறிப்புதான் ஃபர்ம்வேர். அதை எழுதுவது தயாரிப்பாளர். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை பெரும்பாலும் வெளியே சொல்லமாட்டார்கள்.

1993-ல் தொடங்கப்பட்ட டெபியனுக்கு ஒரு கொள்கை உண்டு. யாரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் முடியாத சாஃப்ட்வேரை அதிகாரபூர்வத் தொகுப்பில் சேர்க்கமாட்டார்கள். நியாயமான கொள்கைதான். ஆனால் கடைசியில் மாட்டிக்கொள்வது, கல்லூரி தேடும் ஒரு பெண்ணின் லேப்டாப்!

இந்த இழுபறி பல வருடக் கதை. பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப்களுக்கு லினக்ஸ் டிரைவர் இல்லாத காலத்தில், தன்னார்வலர்களே களத்தில் இறங்கினார்கள். ஒரு குழு, ஏற்கெனவே இருந்த டிரைவர் சிப்பிடம் எப்படிப் பேசுகிறது என்று ஆராய்ந்து எழுதி வைத்தது. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் பார்த்துப் புதிதாக டிரைவர் எழுதியது. 2006-ல் அது லினக்ஸில் சேர்ந்தது. பிராட்காமே தன் புதிய சிப்களுக்கு ஓப்பன் சோர்ஸ் டிரைவர் வெளியிட்டது 2010 செப்டம்பரில்தான். எங்கள் கார்டு வேறு நிறுவனத்துடையது. ஆனால் அதன் டிரைவரும் இப்படி யாரோ சிலர் உட்கார்ந்து எழுதியதால்தான் டெபியனில் ஏற்கெனவே இருந்தது. குறைந்தது ஃபர்ம்வேர் மட்டும்.

இன்டர்நெட் இல்லாமல் இன்டர்நெட்!

அந்த ஃபைலை டவுன்லோடு செய்ய இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் வர அந்த ஃபைல் வேண்டும். இங்கேதான் பலரும் கைவிடுகிறார்கள். வழி ரொம்பச் சுலபம். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் ஒயரில் லேப்டாப்போடு இணைத்து, 'யு.எஸ்.பி. டெதரிங்' ஆன் செய்தால் போதும். வைஃபை கார்டு இல்லாமலே போனின் டேட்டா லேப்டாப்புக்கு வந்துவிடும்.

பிறகு, சாஃப்ட்வேர்களை எங்கிருந்து எடுக்கலாம் என்று டெபியன் குறித்து வைத்திருக்கும் ஃபைலில், 'கான்ட்ரிப்', 'நான்-ஃப்ரீ' என்று இரண்டு சொற்கள் சேர்த்தோம். கார்டின் நிறுவனத்துக்கு உரிய ஃபர்ம்வேர் தொகுப்பை இறக்கினோம். சில எம்.பி.தான். ரீஸ்டார்ட் செய்ததும், மாடி வீட்டு வைஃபையின் பெயர் திரையில் வந்தது. பாஸ்வேர்டைத் தங்கையே டைப் செய்தாள்.

திங்கள்கிழமை நான் என் போனோடு சென்னைக்குக் கிளம்பிவிட்டேன். அவளுடைய சுற்று வந்தபோது, யாருடைய போனுக்கும் காத்திருக்காமல், அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கல்லூரிகளை வரிசைப்படுத்தினாள். இப்போது எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள்.

அதே 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஃபர்ம்வேர் ஃபைல்களை இன்ஸ்டாலரிலேயே சேர்க்க முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்து பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சிக்கலே வராது.

எனவே, பழைய லேப்டாப்பை யாராவது 'இது தேறாது' என்று சொன்னால், 'எது தேறாது?' என்று திருப்பிக் கேளுங்கள். லினக்ஸை இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து 'லைவ்' ஆக ஓட்டிப் பார்க்கலாம். அதில் வைஃபை வந்தால் தைரியமாக ஏற்றுங்கள். வராவிட்டால், கார்டின் எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு தேடத் தொடங்குங்கள். அதே கார்டோடு உங்களுக்கு முன்பே மல்லுக்கட்டி ஜெயித்தவர் யாராவது இருப்பார். பெரும்பாலும், எப்படி ஜெயித்தார் என்பதையும் எழுதி வைத்திருப்பார்.